குதிரையின் உயரம்

மார்ச் 3

பற்பசை மூடியைத் திறக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. பல்லால் கடித்துத் திறந்து, அதே பல்லை விளக்கினேன். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் காலையில் மடங்குவதே இல்லை. வெந்நீரில் ஊறவைத்துக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. என் செல்லோ, கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின், அதன் தடித்த தந்தியை அழுத்தும்போது விரல் முட்டிக்குள் யாரோ ஊசியைச் செருகுவது போல ஒரு வலி. மூட்டுவாதம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் தெரிந்து என்ன?

மார்ச் 9

குழுவில் சொல்லிவிட்டேன். "மே மாசக் கச்சேரியோட நான் நிறுத்திக்கறேன்."

நாங்கள் நான்கு பேர். இத்தனை வருடம் ஒன்றாக வாசித்தவர்கள். வயோலாக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். முதல் வயலின்காரர், எல்லாமே நேரத்துக்கு நடக்க வேண்டும் என்பதால் அவரைக் 'கடிகாரம்' என்போம், "அப்போ வேற ஆள் பாக்கட்டுமா?" என்றார். பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்தாவது கேட்டிருக்கலாம், மனிதர்.

வீட்டில் மனைவி, வாத்தியம் செய்வதும் பழுதுபார்ப்பதும் அவள் தொழில், பட்டறை அறையில் யாருடைய வயலினுக்கோ பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். சொன்னேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். பிறகு சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்ற நினைப்பு. எனக்கு விரல்தானே கெட்டுப்போயிருக்கிறது, காது இல்லையே.

மார்ச் 20

புது மாத்திரை, வாரத்தில் ஒரு நாள். "உடனே எதையும் எதிர்பாக்காதீங்க, பலன் தெரிய மாசக்கணக்காகும்" என்றார் டாக்டர்.

ஏப்ரல் 1

தந்தியெல்லாம் அழுக்கு, துடைத்துத் தருகிறேன் என்று செல்லோவைப் பட்டறைக்குத் தூக்கிப் போனாள். போன வாரமும் இப்படித்தான். நான் வாசிக்காவிட்டாலும் அது சுத்தமாக இருக்கட்டும்.

ஏப்ரல் 12

விரல் சொன்னபடி கேட்கிறது!

மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கச்சேரியில் செல்லோ தனியாகத் தொடங்கும் அந்தப் பகுதி, மெதுவாக மேலே ஏறுவது — தடுக்காமல் ஏறினேன். அழுத்தினால் தந்தி படிகிறது. காலையில் விரல் அதே வீக்கத்தோடுதான் இருக்கிறது, ஆனால் வாசிக்கும்போது தெரியவில்லை. மாசக்கணக்காகும் என்றாரே! குளிக்கும்போது பாடினேன். நான் பாடினால் அவள் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்வாள். இன்று தட்டவில்லை.

ஏப்ரல் 24

போகவில்லை, இருக்கிறேன் என்று கடிகாரத்திடம் சொன்னேன். அவர் ஒருவரைப் பேசி முடித்திருந்தாராம். "அவர்கிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?" என்று குதித்தார். உங்களுக்கு இருப்பது ஒரு மூஞ்சிதானே என்றேன். வயோலாக்காரி கைதட்டினாள். ஒத்திகை முடிந்ததும், "உங்க சத்தம் கொஞ்சம் சன்னமா இருக்கே?" என்று மெல்லக் கேட்டாள். அறைக்குப் புதிதாகத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள், அது விழுங்குகிறது என்றேன்.

மே 3

ரத்தப் பரிசோதனை முடிவு முன்பைவிட மோசம். "நீங்க நல்லா இருக்குன்றீங்க, ரத்தம் இல்லேங்குதே" என்று டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தத்துக்கு செல்லோ வாசிக்கத் தெரியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மே 8

ஒத்திகையில் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி கைவசம் இல்லை. அரங்கத்தின் பொதுச் செல்லோவை எடுத்து வந்தார்கள். அதுவும் என் மனைவி கைவேலைதான், என் செல்லோவின் அளவுகளை வைத்தே செய்து கொடுத்தாள்.

தனிப் பகுதியைத் தொடங்கினேன். விரல் இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன், சுருக்கென்று தோள் வரை ஏறியது. சுரம் சரிந்தது. மறுபடி. மறுபடி. வில்லைக் கீழே போட்டுவிட்டேன், எல்லாரும் பார்க்க. கடிகாரம்கூட நேரத்தைப் பார்க்கவில்லை.

ஒரே அளவு. ஒரே கை. என் செல்லோவில் முடிந்தது இதில் ஏன் முடியவில்லை?

மே 8, மறுபடியும்

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அளவுகோலை எடுத்து என் செல்லோவை அளந்து பார்த்தேன். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு, குதிரை என்போம், அதன் தலை சீவப்பட்டிருக்கிறது. குதிரை குட்டையானால் தந்தி பலகையை ஒட்டி இறங்கும். குழந்தை அழுத்தினாலும் படியும். நாதம் பாதி செத்துப்போகும்.

மாத்திரையாம், பலனாம்! இத்தனை வருஷம் வாசிச்சவன், இதுகூடத் தெரியலையாடா உனக்கு? தெரியலையா, தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தியா?

"எவ்வளவு சீவினே?"

"ஒவ்வொரு வாட்டியும் ஒரு காகித அளவு." அவள் மறைக்கவில்லை. "மருந்து வேலை செய்யற வரைக்கும் தாங்கட்டும்னுதாங்க... அப்புறம் நீங்க பாடிக்கிட்டே குளிச்சீங்க. எப்படிச் சொல்ல?"

"சத்தம் செத்துப்போச்சுடீ."

"எனக்குக் கேக்காதா? கேட்டுக்கிட்டேதான் சீவினேன்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்.

மே 9

பேசவில்லை.

மே 12

என்னால் முடியாது என்று கடிகாரத்திடம் நேரில் போய்ச் சொன்னேன். இந்த முறை அவர் வேறு ஆளைப் பற்றிக் கேட்கவில்லை, தேநீர் போட்டுக் கொடுத்தார். நானே கேட்டேன், "அந்த ஆள் வருவாரா?" வருவார் என்றார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

மே 25

கச்சேரி. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். புது ஆள் நன்றாக வாசித்தார். மோசமாக வாசிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வீண். தனிப் பகுதி ஏறும்போது என் இடது கை தொடையை அழுத்தியது. அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை, தன் கையை மேலே வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் கடைசி சுரம் வரை வாசித்தன. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஜூன் 6

மேஜையில் ஒரு புதுக் குதிரை இருந்தது. பழைய உயரம். "சீவுனதை ஒட்ட முடியாது, புதுசா செதுக்கியிருக்கேன். வேணும்னா மாட்டித் தரேன்" என்றாள். மாட்டச் சொன்னேன்.

ஒரு சுரம் வாசித்தேன். அறை முழுக்க நிறைந்தது, என் பழைய குரல். இரண்டாவது சுரத்துக்கு விரல் வரவில்லை.

ஜூன் 19

செல்லோவை நானே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் விளக்கடியில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குதிரையக் கழட்டிடு. குட்டையப் போடு" என்றேன். "போடறதுக்கு முன்னாடி அதை இன்னும் கொஞ்சம் சீவு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு மேல இறக்கினா சத்தம் அடுத்த அறைக்குக்கூடக் கேக்காதுங்க."

"அடுத்த அறையில யாரு இருக்கா? நீ இங்கதானே இருக்கே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அரத்தை எடுத்தாள். செல்லோ சரியாமல் நான் பிடித்துக்கொண்டேன்.