பச்சை வந்ததா, வாப்பா?

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் மருமகன் பஸ்லானையும் சின்னவர்கள் இருவரையும் கட்டார் வெயிலிலிருந்தும் கண்ணூறிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக. இங்கே நான் சுகம், உம்மா சுகம், கடைக் கொம்பியூட்டரும் சுகம். சுகமில்லாமல் கிடப்பது வெள்ளிக்கிழமை நான் உனக்குச் சொன்ன ஒரு சொல்தான். நாளைக் காலை அந்தக் கம்பனிக்காரருடன் நீ கதைக்க முன்னம் இதை முழுக்கப் படித்துவிடு. நடுவில் பிள்ளை அழுதால் மருமகனிடம் கொடு.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நேற்று அதற்குத்தான் எடுத்தேன். எடுத்து என்ன கதைத்தேன்? அங்கே மழையா என்று கேட்டேன். கட்டாரில் மழையா என்று கேட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். நீயும் சிரித்துவிட்டு, சின்னவனின் பள்ளிக்கூட உடுப்பைப் பற்றிச் சொன்னாய். நான் 'ஓம், ஓம்' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பமும் முறைப்பாடும் டைப் அடித்துக் கொடுக்கிறவனுக்குச் சொந்த மகளிடம் ஒரு வசனம் சொல்ல ஏலாமல் போயிற்று. எனக்கு விரலால் வருவது வாயால் வருவதில்லை. அதனால்தான் கடையில் உட்கார்ந்து உனக்கு டைப் அடிக்கிறேன்.

நீ எழுதியிருக்கும் அந்தக் கொம்பியூட்டர் லைப்ரரி என்னவென்று பக்கத்துக் கடை ஜெமீல் வியாழக்கிழமை கேட்டான். அவனுக்குப் படகு என்ஜின் திருத்துகிற வேலை என்பதால், என் பள்ளிக்கூட ஓ.எல். அறிவை வைத்து அவன் பாஷையிலேயே விளக்கினேன். மகள் ஒரு உதிரிப்பாகம் செய்திருக்கிறாள், எந்தக் கம்பனி என்ஜினுக்கும் பொருந்தும், ஆனால் எந்த என்ஜினில் பூட்டுகிறோமோ அந்த இடத்திலேயே வைத்துக் கடைந்து எடுக்க வேண்டும், அதைத்தான் கம்பைல் பண்ணுவது என்கிறார்கள் என்றேன். மகளிடம் இருக்கும் கொம்பியூட்டரில் விண்டோஸ் இல்லை, என் கடையில் இருக்கிறது, அதனால் விண்டோஸ் கடைச்சல் என் பொறுப்பு என்றும் சொன்னேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். ஜெமீல் ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டே, "பூட்டினாப் போதாது மச்சான், ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுத்தான் கடலுக்கு அனுப்பணும்" என்றான். அப்போது அது எனக்குச் சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது.

கம்பஸ் முடித்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளும் வந்தபின், உனக்கென்று தேடி வருகிற முதல் வேலை இது என்பது எனக்குத் தெரியாததல்ல. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நீ சொன்னபோது உன் குரல் கம்பஸ் காலத்துக் குரலாக இருந்தது. நாளை அவர்கள் தங்கள் விண்டோஸில் ஏற்றிப் பார்ப்பார்கள், ஏறினால் வேலை உனக்கு, ஏறாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு என்றாய். அதற்கு முன் ஒன்றும் தெரியாத ஒருவர் உன் குறிப்பை மட்டும் பார்த்து ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றாய். ஒன்றும் தெரியாத ஆள் என்றதும் உனக்கு முதலில் என் ஞாபகம் வந்ததில் எனக்குப் பெருமைதான்.

இனி வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன்.

உன் குறிப்பைப் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத்தான் செய்தேன். இறக்க வேண்டியதை இறக்கினேன், அடிக்க வேண்டியதை அடித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கியது. நூற்றுக்கு இத்தனை என்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போனது. முடியும்வரை நிறுத்தக் கூடாது என்று நீ பெரிய எழுத்தில் போட்டிருந்தாய். அதற்குள் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. எங்கள் கடை வரிசைப் பழக்கம் உனக்குத் தெரியும். ஒருமுறை ஜெமீல் ஈயம் பற்றவைக்கும் கோலை அணைக்காமல் தொழப்போய் மேசை எரிந்த நாளிலிருந்து, ஜும்ஆவுக்குப் போகிற எவனும் தன் கடை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பான். நான் புத்தியாக, 'தொடாதே' என்று ஒரு தாளில் எழுதிக் கீபோர்டின் மேல் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி, மெயினை இறக்கிவிட்டுப் போனேன்.

ருக்கூவில் குனிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. மிச்சத் தொழுகையில் என் உடம்பு பள்ளியிலும் மனது கடையிலும் நின்றன. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஓடி வந்து மெயினை ஏற்றினேன். கடை வாசலில் டவுனில் திரியும் மான் ஒன்று நின்று, பழைய தாள் பெட்டியை மென்றுகொண்டிருந்தது. அதைத் துரத்தக்கூட மனம் வரவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே ஏகப்பட்ட பைல் இருந்தன. நிறைய இருந்தால் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். கடைசி வரியில் நீ சொன்ன சோதனையையும் அடித்தேன். சரியாக ஏறியிருந்தால் பச்சை எழுத்தில் ஒரு சொல் வரும் என்று எழுதியிருந்தாய். பச்சை வரவில்லை, சிவப்பும் வரவில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். மடியில் சின்னவள். முகமெல்லாம் சிரிப்பு. "பச்சை வந்ததா, வாப்பா?" என்றாய்.

மெயினை இறக்கிவிட்டேன் மகள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, "ஓம் மகள், வந்தது" என்றுதான் வந்தது.

கடையில் ஆட்கள் நின்றார்கள், அவசரம் என்றெல்லாம் எழுதலாம். நின்றது ஒரே ஒரு ஆள், போட்டோக்கொப்பிக்கு. அவருக்கும் அவசரமில்லை.

நீ அந்த நிமிடமே கம்பனிக்கு எழுதிவிட்டாய். ஊரில் என் வாப்பா தன் கடையில் ஏற்றிப் பார்த்தார், ஒரு பிழையும் வரவில்லை என்று எழுதினதை எனக்கும் வாசித்துக் காட்டினாய். உம்மா அன்று பின்னேரமே சந்தோஷத்துக்கு இனிப்பாக வட்டிலப்பம் அவித்து, ஜெமீல் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். வராத பச்சைக்கு அவித்த வட்டிலப்பம். வேண்டாம் என்றால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் என்ற பயத்தில் நான் இரண்டு துண்டு தின்றேன். நல்ல ருசியாக இருந்ததுதான் இன்னும் மோசம்.

சனி இரவு நித்திரை வரவில்லை. இன்று ஞாயிறு, கடைக்கு லீவு. பிரிண்டரில் தாள் இறுகிக் கிடக்கிறது என்று உம்மாவிடம் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு, கிண்ணியாப் பாலம் கடந்து வந்து ஷட்டரைத் தூக்கினேன். முதல் வேலையாக மெயின் சுவிட்சுக்கு மேல் அகலமான டேப்பை ஒட்டினேன். இப்போது அதை இறக்க எனக்கே கத்தி வேண்டும். பிறகு வெள்ளிக்கிழமை அரைகுறையாகக் கிடந்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலாம் வரியிலிருந்து தொடங்கினேன். கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசிக்குக் கிட்ட வந்தது. பச்சை வரப்போகிறது என்று நான் சாய்ந்து உட்கார, திரையெல்லாம் சிவப்பு.

முதலில் இது எனக்கான தண்டனை என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தச் சிவப்பை வாசித்தேன். ஒரே ஒரு வரி, ஆனால் திரையில் மடங்கி மடங்கி வந்தது. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த பெயர்கள். என் கடைப் பெயர், கிண்ணியா, நம் வீடிருக்கும் ஒழுங்கை, வருடம், குடும்பம், மூத்த மகள், கட்டார், கம்பனி வேலை. கடையில் ஆட்களின் பத்திரங்களை நான் அப்படித்தானே அடுக்குவேன், ஊருக்குள் ஒழுங்கை, ஒழுங்கைக்குள் வருடம், வருடத்துக்குள் வீடு என்று. ஒரு பிறப்புச் சான்றிதழைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உன் வேலையையும் மரியாதையாக அப்படியே ஆக உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தேன். அதற்குள் நீ அனுப்பின போல்டர்களும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. அந்தச் சிவப்பு வரியைப் போனில் படமெடுத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். பைல் இருக்கும் இடத்தின் பெயர் அளவுக்கு மிஞ்சி நீளம், விண்டோஸுக்கு எட்டவில்லை என்று வந்தது.

விளங்கியதோ இல்லையோ, உன்னுடையதைத் தூக்கிச் 'சி' டிரைவின் வாசலிலேயே வைத்தேன். ஒற்றை எழுத்தில் பெயர். திரும்பவும் முதலாம் வரியிலிருந்து. லுஹரைக் கடையிலேயே தொழுதேன். முடிந்ததும் சோதனையை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பச்சை நின்றது, மகள். மருந்துக்கடை விளக்கு மாதிரிப் பச்சை. கண்ணைக் கசக்கிப் பார்த்தும் போகவில்லை.

இனி உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்பதுதான். வெள்ளிக்கிழமை சொன்ன பொய் ஞாயிற்றுக்கிழமை தானாகவே உண்மையாகிவிட்டது. படத்தை எடுத்து அனுப்பினால் நீயும் மகிழ்வாய், உம்மாவின் வட்டிலப்பமும் ஹலாலாகிவிடும். கொம்பியூட்டரை அணைத்து, ஷட்டரைப் பாதி இழுத்தும் விட்டேன்.

பாதி இழுத்த ஷட்டருக்குக் கீழே குனிந்து நின்றபோதுதான் யோசித்தேன். அந்தக் கம்பனியிலும் என்னைப்போல எல்லாவற்றையும் உள்ளுக்குள் உள்ளாக அடுக்குகிற ஒருவர் இருந்தால்? நாளை அவர் திரையில் சிவப்பு வரும்போது, ஒரு பிழையும் வரவில்லை என்று எழுதினவளாக நீ அங்கே நிற்பாய். வெள்ளிக்கிழமையே நான் உள்ளதைச் சொல்லியிருந்தால், நீ திரும்பச் செய்யச் சொல்லியிருப்பாய், சிவப்பு அன்றைக்கே வந்திருக்கும், உனக்குத் திருத்த நேரம் இருந்திருக்கும். அந்த நேரத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான். மெயினை இறக்கினது கை. ஓம் என்று சொன்னது கை இல்லை.

ஷட்டரைத் திரும்பத் தூக்கிவிட்டு இதை எழுதுகிறேன். சிவப்பு வந்த படத்தையும் பச்சை வந்த படத்தையும் இதோடு அனுப்புகிறேன். உள்ளே வைத்தால் சிவப்பு, வாசலில் வைத்தால் பச்சை. பிழை உன் பாகத்திலா, என் அடுக்கிலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்தால் உனக்குத் தெரியும். திருத்த ஏலுமானால் திருத்து, நேரம் காணாவிட்டால் வாசலில் வைக்கச் சொல்லிக் குறிப்பில் ஒரு வரி சேர். எது செய்தாலும், வாப்பா ஏற்றிப் பார்த்தார் என்று அவர்களுக்கு எழுதின அந்த வசனத்தை இன்றிரவே மாற்று. எனக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வை, அந்த நாட்டில் என்னை ஒருவருக்கும் தெரியாது. உன் பெயருக்குக் கீழே என் பொய் இருக்கக் கூடாது.

உம்மாவுக்கு இன்னும் தெரியாது. இரவு சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிடுவேன். பின்னால் சொன்னால் சாப்பிட்டதற்கும் சேர்த்து ஏச்சு விழும். இன்றும் பக்கத்துக் கடையில் வேலையாக இருந்த ஜெமீலிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. வட்டிலப்பக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "புள்ளைக்கு முதல்ல எழுது, மச்சான்" என்றான்.

நாளை விடியவே கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். நீ திருத்தி அனுப்பினால், ஆக உள்ளே, ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகக் கொண்டுபோய் வைத்து ஏற்றிப் பார்க்கிறேன். வீடியோவில் வந்து கேள். என்ன நிறம் வந்தாலும் முதலில் போனைத் திரைப் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன், என் வாயை நம்ப வேண்டாம். டேப் ஒட்டினபடிதான் இருக்கிறது. கத்தியையும் ஜெமீலிடம் கொடுத்துவிட்டேன்.

உன் கைகளிலும் உன் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக. உனக்கென்று எழுதப்பட்டதை என் பிழைக்காகத் தட்டிவிடாமல் இருப்பானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம், மருமகனுக்கு என் ஸலாம். இனி ஒரு நாள் ஒன்றும் தெரியாத ஒரு ஆள் தேவைப்பட்டால், தயவுசெய்து வேறு ஆளைத் தேடிவிடாதே, மகள்.

உன் வாப்பா,
அலியார்.