வெடிப்பின் மேல் ஒட்டிய காகிதம்

ஜனவரி 15. பொங்கல்.

விடியற்காலையில் தூறல். அடுப்பு நனைந்து ஒரே புகை, ஆனாலும் பானை பொங்கிவிட்டது. சி. கொழும்பிலிருந்து நேற்றே வந்தாயிற்று. வேலை செய்கிற ஹோட்டலில் நாலு நாள் லீவு. வீட்டுக்காரர் பெயரை முழுசாக எழுதினால் பொலிசில் முறைப்பாடு எழுதுவது போல இருக்கிறது. சி. போதும்.

இன்றைய முக்கியமான விஷயம் காகிதம். எங்களுடையது தேயிலைத் தோட்டத்து லயத்தில், பத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு, மலையை ஒட்டியது. போன வருஷ மழையில் முன்திண்ணையில், இஸ்தோப்புச் சுவரில் வெடிப்பு விழுந்தது. மண்சரிவு பார்க்க வந்த அதிகாரி, வெடிப்பின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டச் சொன்னார். அது கிழிந்தால் மண் நகர்கிறது. உடனே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

அக்டோபரில் கோதுமை மாவுப் பசை காய்ச்சி நானே ஒட்டினேன். ஒட்டும்போது சி.யிடமும் அவர் அம்மா மாமியிடமும் சொன்னேன்: பொங்கல் வரை கிழியாவிட்டால் கர்ப்பத்தடைக் குளிசையை நிறுத்திவிடுகிறேன். கிழிந்தால், அரசாங்கம் தருவதாகச் சொன்ன புது வீடு வரும்வரை பிள்ளைப் பேச்சு எடுக்கக் கூடாது.

கிழியவில்லை. மழைக்காலம் முழுக்க இருந்தும் நேற்று ஒட்டியது போல வெள்ளையாக இருக்கிறது. மாமி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

சி.யிடம் கேட்டேன். "உன் இஷ்டந்தான்." கல்யாணமான நாளிலிருந்து இதே பதில். முதலில் பிள்ளை பார்க்கும் வேலைக்கான என் பயிற்சி முடியட்டும் என்று தள்ளினோம். பிறகு வீடு வரட்டும் என்று. பிறகு வெடிப்பு. எனக்கு முப்பத்தைந்து வயது.

ஜனவரி 18. ஞாயிறு.

பதுளைக்குப் போய் வந்தேன். சவர்க்காரம், பருப்பு, மாமிக்கு தைலம். குளிசை வாங்கவில்லை.

தோட்டத்து மிட்வைஃபிடம் வாங்கினால் லயம் முழுக்கத் தெரியும் என்று இத்தனை வருஷமும் நஸீமா அக்காவின் பார்மசியில்தான் வாங்கினேன். வேண்டாம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நிப்பாட்டியாச்சா?"

"பயமா இருக்குக்கா."

"எனக்கு மூத்தவன் கெடைக்கிறப்ப நாப்பது வயசு. பயப்படவும் வேணாம், அவசரப்படவும் வேணாம்."

போன மாதம் கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னது வேறு. இனியும் தள்ளிப்போட்டால் வேண்டும் என்கிறபோது வராதாம். இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேரும் மலையடியில் படுத்துத் தூங்குகிறவர்கள் இல்லை.

திரும்பி வந்தால் முன்கதவு சட்டத்தில் முட்டுகிறது. மாமி கத்தியை வைத்து ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். "மழைக்கு மரம் ஊதிருச்சு புள்ள." சரி என்று உள்ளே போய்விட்டேன்.

பெப்ரவரி 5. வியாழன்.

பௌர்ணமிப் போயா லீவோடு நேற்றைய சுதந்திர தின லீவையும் சேர்த்து வந்த சி. இன்று காலை பஸ்ஸில் போய்விட்டார். வீடு வெறிச்சென்று.

புள்ளக்காம்பராவில் இன்று பிள்ளைகள் குறைவு, சளி. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. பக்கத்து வீட்டு மேனகாவின் கவின் என் தோளைவிட்டு இறங்கவில்லை. இப்போதுதான் உட்காரப் பழகியிருக்கிறான். பிளவுஸ் முழுக்க எச்சில். வீட்டுக்கு வந்தும் அந்த வாசனை போகவில்லை.

ஆசையாக இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவைக்கிறேன். ரொம்ப ஆசையாக இருக்கிறது.

மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. இரண்டு நாளாக மழையே இல்லை, பிறகு ஏன்?

பெப்ரவரி 17. செவ்வாய்.

மாசி பிறந்தும் மழை விடவில்லை. இது மழை மாதமே இல்லை. மடுல்சீமை பஸ் பாதி வழியோடு திரும்புகிறது. மேலே நிற்கிற சவுக்கு மரம் எங்கள் கூரைப் பக்கம் சாய்ந்திருப்பது போலத் தெரிகிறது. முன்பே அப்படித்தானா என்று ஞாபகமில்லை.

மேனகா கவினைக் கொடுக்கும்போது கேட்டாள்: "அக்கா, ஒங்க பேப்பர் எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

"அப்ப சரி. நாங்க அதப் பாத்துத்தானே தூங்குறோம்."

பத்து வீடும் என் காகிதத்தை நம்பி இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பெப்ரவரி 24. செவ்வாய்.

நாள் தள்ளிப்போகிறது. குளிசையை விட்டதாலும் இருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை, சி.யிடம்கூட.

காலையில் புள்ளக்காம்பராச் சுவரில் இருந்த படங்களைக் கழற்றினேன். ஓரமெல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து, தொட்டாலே உதிர்கிறது. எல்லாம் அக்டோபரில் ஒட்டியவை. அதே பசை. அதே கட்டுக் காகிதம். எங்கள் வீட்டுக் காகிதம் மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கிறது?

மத்தியானம் வீட்டுக்குப் போய் நகத்தால் நெம்பினேன். மட்டை போலத் தடிப்பு. மேலே இருந்தது முழுசு. அதற்குக் கீழே ஒன்று, நடுவில் கிழிந்து. அதற்குக் கீழே இன்னொன்று, கிழிந்து. எல்லாவற்றுக்கும் அடியில் நான் ஒட்டியது. இரண்டு பாதிக்கும் நடுவில் என் விரல் போகிறது.

மாமி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காகிதத்தை முன்னால் வைத்தேன்.

"எப்ப கிழிஞ்சது மாமி?"

"தீபாவளி முடிஞ்சு ஒருக்கா. அப்பறம் பெரிய மழ பேஞ்சா கிழியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பெத்துக்க மாட்டியே." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிவாவ வயித்துல வச்சிருந்தப்பவே வீடு வருது, வீடு வருதுன்னாங்க. வந்துச்சா? அது வர்றதுக்குள்ள ஒனக்கு வயசு போயிரும் புள்ள."

கையை ஓங்கப் பார்த்தேன். அப்புறம் அழுகைதான் வந்தது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வெள்ளையாக இருப்பதை நானும்தான் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை.

சாயங்காலம் புதுக் காகிதம் ஒட்டினேன். அதைத் தொட்டால் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னேன். சி.க்கு போன் எடுத்தால் சிக்னல் இல்லை.

பெப்ரவரி 25. புதன்.

பள்ளிக்கூட மண்டபம். பாய் இரண்டு, துணிப் பை, விளக்கு, கோழி. பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் காகிதம் இரண்டு துண்டு. ஒரே ராத்திரியில்.

மாமி கிளம்ப மறுத்தார். முன்னே ஒரு தடவை இப்படிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பியபோது வீட்டில் எல்லாம் களவு போய் ஒரு சட்டி மிஞ்சவில்லையாம். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன்: "எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு மாமி." எழுந்து கோழியைப் பிடித்துக் கூடையில் போட்டார். கதவைப் பூட்டப் பார்த்தேன், சட்டத்துக்குள் போகவில்லை. திறந்தபடியே விட்டு வந்தோம்.

வீடு வீடாகச் சொன்னேன். மூன்று வீட்டுக்காரர்கள் கூடவே கிளம்பினார்கள். மற்றவர்களுக்குச் சிரிப்பு. "நேத்து வரைக்கும் நல்லா இருந்த பேப்பரு இன்னைக்கு எப்படிங்க கிழியும்?" மாமி என் பக்கத்தில் நின்றார். அடியில் மூன்று கிழிந்த காகிதம் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழிஞ்சிருச்சு, வாங்க என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மேனகா மட்டும் தலையாட்டினாள். "ஒல வச்சிட்டேங்கக்கா. சோத்த வடிச்சிட்டு இவனத் தூக்கிக்கிட்டு வர்றேன்." கவின் என்னைப் பார்த்துக் கை நீட்டினான். எனக்கு இரண்டு கையிலும் பை.

வந்து வெகுநேரம் ஆகிறது. மழை கூடியிருக்கிறது. மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நோட்டையே பார்க்கிறார். "என்ன எழுதுற?" எந்த மாதம் பிறக்கும் என்று எண்ணுகிறேன் என்றேன். பொய். எதையும் எண்ணவில்லை.

மேலே லயத்துப் பக்கம் லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். பாதை உடைந்து நேற்றிலிருந்து இந்தப் பக்கம் லொறி இல்லை.

மாமி எழுந்து மழையில் ஓடுகிறார். மேனகா, மேனகா என்று கூப்பிட்டுக்கொண்டு