படங்கின் மற்ற முனை

இஞ்சருங்கோ, படங்கு இன்னும் மணக்கிறது. மழைக்குக் கருவாட்டை மூட நாம் வைத்திருந்த அதே நீலப் படங்குதான். பிறந்த ஊர் நானாட்டானுக்கு வரும்போது அதையும் சுருட்டிக்கொண்டு வந்தேன். நேற்று அண்ணன் வீட்டு முற்றத்தில் விரித்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் காயவிட்டேன். அண்ணி மூக்கைச் சுளித்தார். "இதில நெல்லைக் கொட்டினால் சோறும் மீன் மணக்கும். எறிஞ்சுபோட்டு வேற வாங்குவம்," என்றார். எனக்குப் பொல்லாத கோபம். ஆனாலும் அண்டி வந்த வீட்டில் வாய் காட்டலாமா? படங்கைத் தூக்கிக் கொடியில் போட்டேன்.

உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த மறுமாதமே அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பிள்ளையுமில்லை. தனிய அந்தத் தீவில இருந்து என்ன செய்யப்போறாய்?" என்றார். சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். இப்போது நிரந்தரமாக இங்கேயே இரு என்கிறார். அங்கே உங்கள் அக்கா, கரையில் மீன் காயப்போடும் நம் கருவாட்டு வாடியை வேறு ஆட்கள் கேட்கிறார்கள் என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார். "ஞாயிறு பூசைக்கு முதல் ஒரு முடிவு சொல்லு."

காலையில் பஸ் ஏறினால் பாலம் கடந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் இரண்டும் இரண்டு உலகம். இங்கே காலை எழுந்தால் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள்; அங்கே காற்றைப் பற்றி. இங்கே ஒவ்வொரு வயலுக்கும் வரம்பு உண்டு, அதற்கு வழக்கும் உண்டு. கடலில் வரம்பு ஏது? போகத்துக்குப் போகம் விளைவதை மூட்டை கட்டி வைத்து வளர்ந்தவள் நான். கலியாணமாகி வந்த புதிதில் அரிசி மூட்டைகளை அடுக்கியபோது எப்படிச் சிரித்தீர்கள்! "என்ன, பஞ்சம் வரப்போகுதோ? எங்களுக்குக் கடல்தான் அலுமாரி," என்றீர்கள். பிறகு காற்று எழும்பி வள்ளம் இறக்க முடியாமல் போன நாட்களில் அந்த அரிசியைத்தானே தின்றீர்கள்? அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

சண்டைக் காலத்துக் கதைகூட நமக்கு இரண்டுதான். உங்கள் ஆட்கள் வள்ளம் ஏறி இராமேசுவரத்துக்குப் போனார்கள். நாங்கள் காட்டு வழியாக மடுமாதா கோயிலுக்கு ஓடினோம். எந்த ஓட்டம் கஷ்டமானது என்று நாம் சண்டை பிடித்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அந்த முதல் ஐப்பசி நினைவிருக்கிறதா? வாடி முழுக்கப் பாயில் கட்டா மீன் உப்புப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் மீனை அள்ள ஓட, நான் மட்டும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, "ஆண்டவரே தோத்திரம், நல்ல மழை!" என்று நின்றேன். உங்கள் அக்கா விட்டாரா? "உனக்கென்ன விசரே? மீன் நனையுது, இவ தோத்திரம் சொல்லுறா!" என்று பாய்ந்தார்.

நீங்கள் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றீர்கள். "விடு அக்கா. அவளின்ர ஊரில மழையெண்டால் சோறு. சந்தோசப்படாமல் அழுறதோ?" என்றீர்கள். பிறகு படங்கை என் பக்கம் எறிந்து, "இந்தா, இந்த முனையைப் பிடி. தோத்திரத்தைப் பிறகு சொல்லுவம்," என்றீர்கள். அன்றைக்குப் பாதி மீன் பழுதாகிவிட்டது. அதைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

இன்று பின்னேரம் இங்கே மழை பெய்தது. விதைத்துவிட்டு இரண்டு கிழமையாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கி நின்றார். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஐயோ, மீன் நனையுது! படங்கை எடுங்கோ!" என்று கத்தியபடி ஓடிப்போய், கொடியில் கிடந்த படங்கை இழுத்துக்கொண்டு முற்றத்து நடுவில் நின்றேன். அங்கே பாயுமில்லை, மீனுமில்லை. அண்ணனின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தங்கச்சி, இஞ்ச ஏது மீன்?" என்றார் அண்ணன். இரக்கமாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. பிறந்த ஊர் மழையிலேயே நான் பிழையாக ஓடியிருந்தேன். அன்றைக்குப் போல என் பக்கத்தில் வந்து நிற்க ஒருவருமில்லை. நல்ல காலம், முகம் ஏற்கெனவே மழையில் நனைந்திருந்தது.

இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். "அண்ணா, நான் காலமை வெளிக்கிடுறன்."

"ஏன், இஞ்ச என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை. மழை வந்தால் என்ர கால் அங்கதான் ஓடுது."

அண்ணன் எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டார். உங்கள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, "வாடியை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ, நான் வாறன்," என்றேன். வாய் ஓயாத அந்த மனுசி, "வா. ஆனால் அவன் இல்லாத வீடு, கண்டியோ," என்றார்.

தெரியாதா எனக்கு? கதவைத் திறந்தால் நீங்கள் உட்காரும் கதிரைதான் முதலில் கண்ணில் படும். படங்கோ இரண்டு பேர் பிடித்து விரிக்கிற அகலம். நம் மணலில் தேடினாலும் ஒரு கல் கிடைக்காது. அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் கிடந்த பாரமான கல்லொன்றைக் கழுவிப் பையில் வைத்திருக்கிறேன், உங்கள் முனையில் வைப்பதற்கு.