வெந்நீர் பட்ட ரிடெய்னர்

2.3.2003, ஞாயிறு

சமையலறை அலமாரியில் ஒரு எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீர். உள்ளே ரக்ஷாவின் ரிடெய்னர். ரோஜா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அண்ணம், அதன் முன்னால் ஒரு கம்பி. பல்லில் போட்டிருந்த கிளிப்பைப் போன மாதம் எடுத்தாயிற்று. நேராக்கிய பல் பழைய இடத்துக்கே போய்விடாமல் இது ஒரு வருஷம் காவல் இருக்க வேண்டுமாம். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். பச்சைத் தண்ணீரில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். காயவிடக் கூடாது. டாக்டர் சிவபாலன் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்: "வெந்நீர் மட்டும் காட்டிடாதீங்க சார். நெளிஞ்சி பூடும்."

இருபத்து மூன்று வருஷமாக இயற்பியல் நடத்துகிறவனுக்கு வெப்பத்தைப் பற்றிப் பாடம்!

ரக்ஷா சிரித்துக் காட்டினாள். அழகாகத்தான் இருக்கிறது. யார் வீட்டுப் பெண்ணோ என்றிருக்கிறது.

8.3.2003, சனி

துறைத்தலைவர் பதவி ராஜகோபாலுக்கு. என்னைவிட ஆறு வருஷம் இளையவன். கை கொடுத்தேன். மறக்க மாட்டேன்.

15.3.2003, சனி

பத்மாசனியின் திதி. ரக்ஷாவின் அம்மா போய் ஏழு வருஷம். தளிகைக்கு உதவ அக்கா வத்ஸலா மாம்பலத்திலிருந்து நேற்றே வந்துவிட்டாள். மடியாகச் சமைக்கும் இடத்தில் எச்சில் பட்ட எதுவும் இருக்கக் கூடாது. அலமாரியில் அந்தத் தம்ளரைப் பார்த்திருக்கிறாள்.

"ஏண்டா முரளி, வாய்க்குள்ள போட்டுக்கறதைத் தளிகை பண்ற எடத்துலயா வெப்பா? சிராத்தமும் அதுவுமா!"

எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கலாம். எச்சில் போகட்டும் என்று கொதிக்கிற வெந்நீரை அப்படியே தம்ளரில் ஊற்றிவிட்டாள். மத்தியானம் ரக்ஷா சாப்பிட்டுவிட்டு எடுத்தபோது அது காய்ந்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. வாயில் உட்காரவே இல்லை. அழுதாள்.

"நல்லதுக்குத்தானேடி பண்ணினேன்" என்றாள் அக்கா.

எல்லாமே நல்லதுக்குத்தான். 1981இல் பெண் பார்க்கப் போன இடத்திலும், உள்ளே பத்மாசனியின் காதில் விழும்படி, நல்லதுக்குத்தான் சொன்னாள்: "இவ சிரிச்சா பல்லு மொதல்ல வரும், அவ அப்பறம் வருவா." ரக்ஷாவுக்கும் அதே தெத்துப்பல் இருக்கிறது, கிளிப் போட்டே ஆகணும் என்று மூன்று வருஷம் முன்னால் என்னை அரித்ததும் இவள்தான்.

17.3.2003, திங்கள்

புது ரிடெய்னருக்கு எப்போது போகிறோம் என்று ரக்ஷா கேட்டாள். ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்றேன். டாக்டர் இருப்பது டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்தில்.

30.3.2003, ஞாயிறு

கல்யாணமான புதிதில் ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்று மணலில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்போம். வாயை மூடினாலும் அவளுடைய அந்த ஒரு பல் மட்டும் உதட்டின் மேல் நிற்கும். கடித்த பிஞ்சில் அதன் தடம் தனியாகத் தெரியும். "பாருங்கோ, என் கையெழுத்து" என்று நீட்டுவாள்.

இன்றைக்கு ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு போட்டோவில்கூட அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால்.

ஆக, அந்தப் பல் இந்த வீட்டில் மிச்சமிருந்தது ரக்ஷாவின் வாயில்தான். அதையும் கம்பி போட்டு உள்ளே தள்ளியாயிற்று.

12.4.2003, சனி

தோசை சாப்பிடும்போது பார்த்தேன். இடது பக்கப் பல் முன்னால் வந்திருக்கிறது — கொஞ்சம், மிகக் கொஞ்சம்.

பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. டாக்டர் ஊரில் இல்லையாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். விசாரிக்கவே இல்லை.

சந்தோஷமாக இருந்தது. எழுதியே வைக்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

24.4.2003, வியாழன்

ரக்ஷா தானே டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் எங்கேயும் போகவில்லை.

"ஏம்ப்பா பொய் சொன்னே?"

பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அம்மா மாதிரியே இருக்கணும், அதானே ஒனக்கு? கிளாஸ்ல என்னைத் தேங்காய்த் துருவின்னு கூப்பிடுவா, தெரியுமா? கையால பொத்திண்டுதான் சிரிப்பேன். அம்மாவுக்கும் அவ பல்லு பிடிக்கவே பிடிக்காதுப்பா. 'நீ பெரியவளானதும் ஒனக்காவது சரி பண்ணிடலாம்'னு எங்கிட்ட மொதல்ல சொன்னதே அம்மாதான். அத்தை இல்லை."

எனக்குத் தெரியாது. பத்மா, எங்கிட்ட ஏன் சொல்லல? பதினாலு வருஷம் கூட இருந்தியே — நான் கேட்டேனா? கேக்கல. எனக்குப் பிடிச்சிருந்தது, அதனால ஒனக்கும் பிடிக்கும்னு இருந்துட்டேன்.

26.4.2003, சனி

டாக்டர் அந்த வளைந்த ரிடெய்னரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ்ளோ சொன்னேனே. யார் சார் வெந்நீர் ஊத்தினது?"

அக்காவின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "அது ஒரு நாள் தப்பு, டாக்டர். அப்புறம் ஆறு வாரம் கூட்டிக்கொண்டு வராதது நான்தான்" என்றேன். ரக்ஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி வுடுங்க. கொஞ்சந்தான் நவுந்துக்கினு வந்திருக்குது. புதுசுல உள்ள தள்ளிடலாம். இன்னும் ரெண்டு மாசம் வுட்டிருந்தீங்கன்னா மறுபடி கிளிப்புதான்." பிறகு அவளிடம், "இனிமே டப்பாவுல போட்டு வைம்மா. தம்ளர்ல வெச்சா யாராச்சும் குடிச்சிடப் போறாங்க."

வாயில் மாவை வைத்து அச்சு எடுத்தார். மாவோடு அவளுக்குச் சிரிப்பு.

3.5.2003, சனி

புது ரிடெய்னர் வந்தது. அவளுக்குப் பேச்சு குழறுகிறது. பச்சைத் தண்ணீரில் நானே கழுவி டப்பாவில் வைத்தேன்.

22.6.2003, ஞாயிறு

திருச்சி ஹாஸ்டலிலிருந்து ரக்ஷா போன் செய்தாள். சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. மெஸ்ஸில் யாரோ ஒருத்தி ரசம் என்று நினைத்துப் பாத்திரம் கழுவின தண்ணீரைச் சாதத்தில் ஊற்றிக்கொண்டாளாம். அதைச் சொல்ல ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறாள், "அப்பா, இரு, இரு" என்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்துவது எனக்கே கேட்டது.

பத்மாசனி இப்படித்தான் சிரிப்பாள். நடுவில் நிறுத்தி, "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டி, மறுபடி. ஏழு வருஷமாக அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருந்ததில் இது எனக்கு மறந்தே போயிருந்தது.

ரிடெய்னர் போட்டுக்கொள்கிறாளா என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக்கு நானே கூப்பிட வேண்டும்.