நாம் அறியாத நம் ஆணை

வானம் வேண்டிய அளவே பெய்க. பெய்த நீர் மதகின் வழியாகவே வெளியேறுக. வெண்கரை நாட்டு வயல்களும் அவ்வயல்களில் இறங்கும் கால்களும் நலம் பெறுக.

வெண்கரை நாடு உடையவளும், ஏரிகாத்த குலத்து முடி தரித்தவளும், யானைமதகு முத்திரைக்கு உரியவளுமாகிய கோநங்கை வல்லியாழ்வி, வடவெல்லைப் பாசறையில் இருந்து, தலைநகராம் ஆழிமங்கலத்தில் நமக்குப் பதிலாக அரசு நடத்திவரும் பேரமைச்சரும், அவைமுதல்வரும், நம் தந்தையாரின் நெஞ்சறிந்த துணைவருமாகிய மாந்துறை நம்பியார்க்கு விடுக்கும் ஓலை. நீரும் நும் சுற்றமும் நலமே வாழ்க. நகரத்துக் கோட்டையும் கோயிலும் கடைவீதியும் நலமே விளங்குக.

இவ்வளவும் முறைப்படி எழுதிவிட்டோம். இனி முறைப்படி எழுத நமக்குக் கை வரவில்லை. ஓலை எழுதும் அதிகாரியை அழைக்காமல் நாமே எழுதுகிறோம். எழுத்தாணி இரண்டோர் இடங்களில் ஓலையைக் கிழித்திருப்பதைக் காண்பீர். வேறு ஓலையில் மாற்றி எழுதப் பொறுமை இல்லை.

நும் ஓலை நேற்றுப் பகலில் வந்தது. படைத்தலைவர்கள் சூழ இருக்கும்போதே அதனைப் பிரித்துப் படித்தோம். பேரேரி பெருகியது என்றும், தலைநகர் தப்பியது என்றும் தொடக்கத்தில் எழுதியிருந்தீர், மகிழ்ந்தோம். அடுத்து, அரசு மறை ஒன்றை ஊரறிய முரசறைந்த குற்றத்துக்காகச் சேந்தன் நக்கன் என்னும் முரசறைவோனைச் சிறையிலிட்டிருப்பதாகவும், அவன் நாவை அறுத்துப் பின் தலை கொய்வதற்கு நம் இசைவு வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். அது என்ன மறை என்று அறிய மேலே படித்தோம். ஏரிநீர் மதகிலுள்ள கல்யானையின் காதைத் தொட்டால் கீழைக்கரையை வெட்டிவிட வேண்டும். அக்கரையின்கீழ் உள்ள ஈச்சம்பாடி முதலான ஊர்களுக்கு அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது. சொன்னால் அவ்வூரார் கடப்பாரையும் கழியுமாக வந்து கரையை மறிப்பர். இது கோநங்கை வல்லியாழ்வியின் ஆணை. இவ்வாறு எழுதியிருந்தது.

நம் ஆணை! நம்பியாரே, அந்த வரியை மீண்டும் மீண்டும் படித்தோம். வீட்டுக்குள் இருக்கும் குடிகளின் மேல் ஏரியைத் திறந்துவிடச் சொன்ன ஒருத்தி இவ்வுலகில் உண்டென்பதையும், அவளுக்கு நம் பெயரும் நம் முத்திரையும் இருப்பதையும் நாம் அறிந்தது அப்போதுதான். வெற்றிச் செய்தியோ என்று படைத்தலைவர் ஒருவர் வினவினார். ஓலையை மடியில் வைத்துக்கொண்டு பித்துப் பிடித்தவள்போல் அமர்ந்திருந்தோம் என்று பின்னர் நம் பணிப்பெண்கள் சொன்னார்கள்.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நீர் எழுதாவிடினும் நாம் அறிவோம். இந்நாட்டு அரசர் போருக்குப் புறப்படும்போது, எழுத்தில்லா ஓலைகள் சிலவற்றில் முத்திரையிட்டு அமைச்சர் கையில் கொடுத்துச் செல்வது பழைய வழக்கம். தொலைவில் உள்ள அரசரைக் கேட்டு மறுமொழி வருமுன் நகரம் தீப்பற்றினாலும் நோய் பரவினாலும் ஆணை பிறப்பிக்க ஒருவர் வேண்டுமல்லவா? நாமும் அவ்வாறே முத்திரையிட்டுக் கொடுத்தோம். அரக்கு ஆறுமுன்னே நும் கையில் வைத்தோம், அவ்வளவு நம்பினோம். அவற்றுள் ஒன்றில்தான் இதை எழுதினீர். ஆகவே அது பொய்யாணை என்று சொல்லித் தப்பிக்க நமக்கும் வழியில்லை. முத்திரை நம்முடையதே.

நும் ஓலையில் நீர் காட்டிய நியாயங்களை ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். அவையில் பேசியதைக் கடைவீதியில் பேசலாம் என்றால் நாளை எந்த அமைச்சரும் அவையில் வாய் திறவார் என்கிறீர். அதில் உண்மை உண்டு. ஏரிக்கரை மெலிந்திருக்கிறது என்னும் செய்தி வடவர் ஒற்றர் காதுக்கும் போயிருக்கும் என்கிறீர், அதுவும் உண்மை. முரசொலி கேட்டு அஞ்சிய கூட்டம் ஓடத்துறையில் முண்டியடித்து ஏற, ஓடம் கவிழ்ந்து இரண்டு உயிர் போயிற்று, அப்பழி முரசறைந்தவன் தலையிலேயே விழும் என்கிறீர். இதைப் படித்து நாம் வெகுநேரம் கலங்கினோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: அவ்விருவர் பெயரை ஏன் எழுதவில்லை? ஓலை கொணர்ந்தவனைக் கேட்டு அறிந்தோம். ஊரன் என்னும் முதியவரும், பூவை என்னும் சிறுமியும். சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது சேந்தன் நக்கன், முரசறைந்ததற்கு வருந்தவில்லை என்றும், அவ்விருவர்க்காகத் தன்னை என்ன செய்தாலும் தகும் என்றும் சொன்னானாம். நும் ஓலையில் இரண்டு உயிர் என்னும் எண் மட்டும் இருந்தது.

ஓலை கொணர்ந்தவனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நாட்டிலேயே விரைவாகக் குதிரை செலுத்துபவன் என்று பூவன் காரியைத் தேர்ந்து அனுப்பினீர். இம்மறை முரசறைவோனுக்கு எவ்வாறு தெரிந்தது, எவன் வாய் திறந்தான் என்பதை எவ்வளவு வருத்தியும் சேந்தன் நக்கன் சொல்லவில்லை என்று நும் ஓலையில் இருந்தது. அதனை உரக்கப் படித்தோம். பூவன் காரி நம் காலடியில் விழுந்தான். களைப்பில் விழுந்தான் என்று எண்ணிப் பருக நீர் கொண்டுவரச் சொன்னோம். அவன் நீரை வாங்காமல், வாய் திறந்தவன் தானே என்றான்.

நம்பியாரே, நீர் நாடெங்கும் தேடும் ஆளின் கையிலேயே, அவனைக் காட்டிக்கொடுக்காதவனைக் கொல்ல இசைவு கேட்கும் ஓலையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்! அவனும் உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்தே, அதை மடியில் கட்டிக்கொண்டு, வழியில் எங்கும் எறிந்துவிடாமல், குதிரை நுரை தள்ள நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

நடந்தது இது. கரைக்காவல் தலைவருக்கு நீர் விடுத்த மறையோலையைக் கொண்டு போனவனும் இவனே. அத்தலைவருக்குக் கண் மங்கிவிட்டது. எழுத்துக் கூட்டிப் பார்க்க இயலாமல், ஓலை கொணர்ந்தவனையே படித்துச் சொல்லப் பணித்திருக்கிறார். நாம் பிறந்தநாள் முதல் ஏரிகாவலில் நிற்கும் அம்முதியவர்க்குக் கண் போனதை நீரும் அறியவில்லை, நாமும் அறியவில்லை. பூவன் காரி படித்தான். அவன் பெற்றோரும் மனைவியும் இருப்பது ஈச்சம்பாடியில். அவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போயிருந்தால் எவர்க்கும் தெரிந்திராது, எவரும் அவனைத் தேடியிருக்கவும் மாட்டார். அவன் முரசறைவோனிடம் போனான். சேந்தன் நக்கன் முழுவதையும் கேட்டுவிட்டு, சந்தை கூடும் நாள் எது என்று மட்டும் வினவினானாம்.

அச்சந்தையில் அவன் அறைந்த சொற்களைப் பூவன் காரி அப்படியே நமக்கு ஒப்பித்தான். நும் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நும்மைப் பழிக்கவில்லை, நம்மையும் பழிக்கவில்லை. கோநங்கை வல்லியாழ்வியின் ஆணை இது என்று தொடங்கி, ஆணையைச் சொல்லி, முரசறைவோர் எல்லாரும் முடிக்கும் முறைப்படியே, கேட்டார் கேளார்க்குச் சொல்லுக என்று முடித்திருக்கிறான். அரச முரசை அரச ஓலை இன்றி அறைந்தான் என்பது நீர் சுமத்தும் குற்றம். அவன் அறைந்தது அரச ஓலையைத்தானே? நம் ஆணையை நம் குடிகளுக்கு அறிவித்தவனை, நம் ஆணைக்குப் பகைவன் என்று கொல்லக் கேட்கிறீர். இதை எழுதும்போது எழுத்தாணி மறுபடியும் கிழித்துவிட்டது.

அதன்பின் நடந்ததை நீர் ஏன் எழுதவில்லை? அதுதான் நம்மை எல்லாவற்றினும் திடுக்கிடச் செய்தது. கடப்பாரையோடு வருவர் என்று நீர் சொன்ன ஈச்சம்பாடியார் கடப்பாரையோடுதான் வந்தார்களாம். வந்து, ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிச்செல்ல ஒரு பகல் தர வேண்டும் என்று கரைக்காவல் தலைவரைக் கைகூப்பிக் கேட்டார்களாம். அவர் தந்தார். பிறகு கல்யானையின் காதை ஏரிநீர் தொட்டபோது, கரையில் எந்த இடம் இளகியது, எங்கே வெட்டினால் நீர் நேரே பள்ளத்தில் இறங்கும் என்று காவலர் அறியாமல் நிற்க, ஊராரே இறங்கி வெட்டினார்களாம். கதிர் முற்றிய தம் வயலின்மேல், தம் வீட்டின்மேல், தம் கையாலேயே நீரைத் திறந்துவிட்டார்கள். ஆழிமங்கலத்தில் நும் மாளிகை நனையாமல் நிற்பது அதனால். இதைக் கேட்டு நாம் அழுதோம். படைத்தலைவர்கள் கண்டார்கள், காணட்டும்.

நகரமெங்கும் இதே பேச்சு என்றும் பூவன் காரி சொன்னான். வாணிகர் சிலர், அரசு மறை தெருவுக்கு வருமாயின் நாளை தம் கலங்கள் செல்லும் வழியும் தெருவுக்கு வரும் என்று அஞ்சி, சேந்தன் நக்கனைத் தண்டிக்க வேண்டும் என்கின்றனராம். உப்பு விற்கும் ஒருத்தி, தன் வீடு மூழ்கப்போவதைத் தான் அறிவது குற்றமென்றால் தான் அந்த வீட்டில் குடியிருந்ததும் குற்றந்தானோ என்று நடுச்சந்தியில் நின்று கேட்டாளாம். அவளையும் பிடிக்க ஆள் அனுப்பினீராம். முரசொலி கேட்டதைப் பிறர்க்குச் சொன்ன ஓடக்காரர், குயவர் எல்லாரும் மறை பரப்பிய குற்றவாளிகளே என்று அவையில் சொன்னீராம். கேட்டார் கேளார்க்குச் சொல்லுக என்று நம் குலத்தார் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குக் கட்டளையிட்டு வந்திருக்கிறார்கள். அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களைச் சிறையிலிட்டால் நாட்டில் வெளியே நிற்கப் போகிறவர் யார்?

மறையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாளை நம் படை எத்துறையில் ஆறு கடக்கும் என்பதை ஒருவன் முரசறைந்தால் அவனை நாமே கட்டிவைப்போம். அது பகைவன் கேட்கக் கூடாத சொல். ஈச்சம்பாடியார் நமக்குப் பகைவரா? அவர்கள் சாவதற்கு நாள் குறித்து, அந்த நாளை அவர்களிடமிருந்தே ஒளித்து வைத்தீர். இத்தகைய மறை அவைக்குள் வந்தபோதே ஒருவரேனும் எழுந்து கத்தியிருக்க வேண்டும். ஒருவரும் கத்தவில்லை. முரசுதான் கத்தியது.

ஆகவே நம் ஆணை, இம்முறை நாம் அறிந்தே இடும் ஆணை, இதுவாகும். சேந்தன் நக்கன் இக்கணமே சிறை நீங்குக. அவன் முரசு அவன் கையில் திரும்பச் சேர்க. உப்புக்காரியும் ஓடக்காரரும் குயவரும் எவரும் எவ்வகையிலும் துன்புறுத்தப்படாதிருக்க. ஊரன், பூவை இருவர் வீட்டுக்கும் நீரே நடந்து சென்று, அரசின் பெயரால் தலை தாழ்த்துக, பல்லக்கு வேண்டா. மூழ்கிய வயலுக்கும் வீட்டுக்கும் ஈடாக ஈச்சம்பாடியார் கேட்பதை அரண்மனைக் களஞ்சியம் தருக. நும் கையில் எஞ்சியுள்ள எழுத்தில்லா ஓலைகளை நம்மிடம் திருப்பி அனுப்புக. அவற்றை நாம் நம் கையாலேயே எரிப்போம். இனி இக்குலத்தில் எவரும் வெற்றோலையில் முத்திரை இடார்.

பூவன் காரி காவற்சொல் மீறியவன். ஓலைக்காரனாகச் சூளுரைத்தவன் வாய் திறந்தது பிழையே. ஆதலின் இனி அவன் ஓலை சுமக்க வேண்டா. இது அவன் கொணரும் கடைசி ஓலை. வாயைக் காக்கத் தெரியாதவன் கரையைக் காக்கட்டும். கண் மங்கிய தலைவர்க்குத் துணையாக அவனை ஏரிகாவலில் அமர்த்துக. அவன்மேல் கை வைப்பவர் நம்மேல் கை வைத்தவர்.

நும்மை என்ன செய்வது என்று நமக்கு இன்னும் தெரியவில்லை. நம் தந்தையார் மறைந்த அன்று நும் தோளில்தான் சாய்ந்து அழுதோம். நாம் திரும்பி வரும்வரை அவையில் இருக்க. ஆனால் அவையின் கதவு திறந்தே இருக்க.

ஒன்று மட்டும் மீதம். இவ்வோலையைப் பார்த்து ஓலை எழுதும் அதிகாரியைக் கொண்டு வேறு இரண்டு படிகளும் எழுதுவித்தோம். முதற்படியைச் சிறைக்காவலரிடமும், அடுத்ததைச் சேந்தன் நக்கன் கையிலும், இதனை இறுதியாக நும்மிடமும் சேர்க்கும்படி பூவன் காரிக்குச் சொல்லியிருக்கிறோம். ஆதலால் நீர் இதைப் படிக்கும்போது நாற்சந்தியில் முரசொலி கேட்கும். சாளரத்தைச் சாத்த வேண்டா. அங்கே படிக்கப்படுவதும் இவ்வோலையே.

இது கோநங்கை வல்லியாழ்வி, தான் அறிந்து, தன் கையால் எழுதி, எழுதியபின் முத்திரையிட்ட ஓலை. யானைமதகு முத்திரை.

கேட்டார் கேளார்க்குச் சொல்லுக.