போயிட்டு வாரேனுங்க

வியாழன், இரவு

சரஸ்வதியின் அம்மா தவறிவிட்டார். ஆபீஸ் வேனில் எல்லோரும் பொள்ளாச்சிக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தோம். கணக்குப் பிரிவில் எனக்கென்று இருக்கும் ஒரே தோழி அவள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே வழியெல்லாம் யோசித்தேன். அங்கே அழுகுரல், கூட்டம், ஊதுபத்திப் புகை. தலைக்குள் இரைந்தது. ஆனாலும் அவள் கையைப் பிடித்தபடி ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து கிளம்பும்போதுதான், தினமும் சாயங்காலம் ஆபீஸில் எல்லோரிடமும் காட்டப் பழகிவைத்த சிரிப்பு தானாக வந்துவிட்டது. "போயிட்டு வாரேனுங்க" என்றேன். சாவு வீட்டில். சரஸ்வதி நிமிர்ந்து பார்த்தாள்.

வேனில் மாலதி விடவில்லை. "ஏனுங்கக்கா, மறுக்கா வரோணுமாக்கும்? இன்னும் ஆரு சாகோணும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவும் பழகியதுதான்.

எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது போன வருஷம். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சரஸ்வதியிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால், இத்தனை நாள் தன்னோடு நான் சிரித்ததும் நடிப்புதானா என்று கேட்டுவிடுவாளோ?

உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கிறது. தூக்கம் மட்டும் வரவில்லை. நாளைக்கு அவளைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று கண்ணாடி முன் நின்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். சரஸ்வதியிடம் பேச நான் ஒத்திகை பார்ப்பது இதுதான் முதல் தடவை.