பாட்டு வெளியே போன வழி

சிவமயம்

கண்டி,
12.10.2008

அன்பு மகள் சிவமணிக்கு,

அப்பாவும் அம்மாவும் நல்ல சுகம். அந்தக் குளிரில் நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவர் மறந்தாலும் இவள் விடமாட்டாள். போன ஞாயிறு நீ போன் எடுத்தபோது அப்பா ஏன் இன்றைக்குக் கதைக்கிறாரில்லை என்று கேட்டாயாம். கதைக்க நிறைய இருந்தது பிள்ளை. போனில் சொன்னால் நீ பாதியில் கோபித்து வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் பாதியில் பயந்து போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்தவனுக்கு முக்கியமான விடயம் என்றால் எழுதத்தான் வரும். இதைக் கடைசி வரை வாசி, நடுவில் மடித்து வைக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, ஆனால் குறைந்தது என்று சொன்னால் படியேற விட்டுவிடுவோம் என்று அவள் ஒத்துக்கொள்வதில்லை. போன மாதம் பொலிசார் வந்து வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை மறுபடியும் பதிந்துகொண்டு போனார்கள். எழுபத்திரண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன் நான் என்று சொன்னேன், வந்த பொலிஸ்காரர் பிறந்ததே அதற்குப் பிறகுதானாம். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள், அவரும் குடித்துவிட்டு உன் படத்தைக் காட்டி இவர் எங்கே என்று கேட்டார், கனடா என்றதும் கொப்பியை மூடிவிட்டார். நீ பயப்படாதே, தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் வந்தார்கள்.

இனி நீ பாடிய பாட்டுக்கு வருகிறேன். ஒற்றைப் பாட்டை இன்டர்நெட்டில் விற்கப்போகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்வி, வாங்குகிறவரின் கையில் என்ன வரும் என்று. ஒன்றும் வராது அப்பா, பாட்டு மட்டும்தான் வரும் என்று நீ சிரித்தாய். எனக்கு இன்னும் அது புதினமாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் கண்டியில் நான் சின்ன இசைத்தட்டுகள் வாங்குவேன், பக்கத்துக்கு ஒரு பாட்டு. நாங்கள் ஆசைப்பட்டது ஒரு பக்கம், மறுபக்கத்தில் யாரும் கேட்காத இன்னொரு பாட்டு கூடவே வரும். எண்பத்து மூன்று கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தையாவின் அறையில் மூன்று நாள் ஒளிந்து இருந்துவிட்டு வந்து பார்த்தபோது அந்தத் தட்டுகளும் இல்லை, போடுகிற மெஷினும் இல்லை, அலுமாரிக்குக் கதவும் இல்லை. பிறகு கசெட் வந்தது. பாட்டுப் பதிந்து தருகிற ரெக்கோர்டிங் பார்க்காரரிடம் துண்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுப்போம், எங்களுக்கு வேண்டியது ஒன்று என்றாலும் ஒரு மணித்தியால கசெட்டையும் நிரப்பவேண்டும், மிச்சத்துக்கு அவர் தனக்குப் பிடித்ததைப் போட்டுவிடுவார். ஒன்றுக்கு ஆசைப்பட்டுப் பன்னிரண்டை வாங்கிய காலம் அது, சீடீ வந்தும் அது மாறவில்லை. இப்போது நீங்கள் மறுபடியும் ஒற்றைப் பாட்டுக்கே வந்துவிட்டீர்கள், ஆனால் தட்டும் இல்லை உறையும் இல்லை, பாடியவர் பெயரைத் தாங்கி வர ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

வெளியிடுகிற நாள் ஓகஸ்ட் பதினைந்து என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அன்று காலை குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானே ஒன்று வாங்கிப் பார்க்கப் போனேன். மார்க்கட்டுக்குப் பின்னால் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிற ரபீகாவை உனக்குத் தெரியும், ஏ.எல். படிக்கும்போது அவளிடம்தான் போட்டோகொப்பி எடுப்பாய். அவள் கொம்பியூட்டரில் அந்தக் கடையைத் திறந்து தந்தாள், எந்த நாடு என்று தெரிவு செய்யச் சொன்னது, நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் தேடினேன். ஸ்பெயின் இருக்கிறது, அடுத்து சுவீடன். நடுவில் இருக்கவேண்டிய எங்கள் ஸ்ரீலங்கா இல்லை. ரபீகா சிரித்துவிட்டு, நம்மளுக்கு அவங்க விக்க மாட்டாங்க சேர், நம்மகிட்டதான் இருக்கே, இனி எதுக்கு வாங்குற என்றாள். நீ அனுப்பி என் போனில் இருப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒரு விடயம் மண்டையைக் குடைந்தது. கண்டியில் ஒருவர் நேர்மையாகக் காசு கொடுத்து உன் பாட்டை வாங்க ஆசைப்பட்டாலும் அவருக்கு ஒரு வழியும் கிடையாது. பாட்டை உலகம் முழுக்க விற்கிறோம் என்கிறார்கள், எந்த உலகம் என்று நீ ஒருமுறை அவர்களிடம் விசாரிக்க வேண்டும்.

அதற்கு முன்பே நடந்தது உனக்குத் தெரியும். வெளியிடப் பத்து நாள் இருக்கும்போதே பாட்டை யாரோ இலவசமாக இன்டர்நெட்டில் விட்டுவிட்டார்கள், கடையில் வாங்க ஆள் இல்லை என்று நீ அழுதாய். பாட்டு என்னிடமும் விவேகானந்தனிடமும் மட்டும்தான் அப்பா இருந்தது, இசை அமைத்தவனே வெளியில விட்டுப்போட்டான் என்றாய். அவன் அப்படிச் செய்யவில்லை என்று சொல்லியும் இனி வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாய், இரண்டாவது பாட்டும் பாதியில் நிற்கிறது. பகல் முழுக்க பேக்கரியில் நின்றுவிட்டு வந்து உனக்காக மெட்டுப் போட்ட பொடியன். அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து அவனைத் திட்டினேன், நல்லாத் திட்டினேன், அம்மாதான் இப்படிக் கதைக்காதேங்கோ என்று என்னை அடக்கினாள். உன் கணக்கில் பாட்டு இருந்தது இரண்டு பேரிடம். மூன்றாவதாக ஒருவரிடம் இருந்தது, அவரை நீ எண்ணவே இல்லை, ஏனென்றால் அது அப்பா.

போன மாதக் கடைசியில் என்னோடு வேலை செய்த பொன்னையாவின் தாய் கம்பளையில் இறந்துபோனதால் குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்து மறுபடி ஏற்றினார்கள். ஏறிச் சற்று நேரத்தில் கொண்டக்டர் மனது ஆறட்டும் என்று தன் போனில் ஒரு பாட்டைப் போட்டார். முதலில் வந்தது பாட்டு இல்லை, உன் குரல். அப்பா, முதல்ல நீங்கள் கேளுங்கோ, பிறகுதான் மற்ற ஆக்கள் என்று நீ சொல்கிறாய், அதன் பிறகு பாட்டுத் தொடங்குகிறது. நான் இருக்கையை விட்டு எழும்பிவிட்டேன். என் பையில் இருக்கிற போன்தான் தானாகப் பாடுகிறது என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன், அது பேசாமல் இருந்தது. முதலில் வந்தது பெருமைதான், மறைக்கமாட்டேன், பக்கத்தில் இருந்தவரிடம் இது என் மகள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அந்த வார்த்தையை நீ ஜூலையில் எனக்கு அனுப்பிய பிரதியில் மட்டும்தான் சேர்த்தாய், விவேகானந்தனுக்கே அது தெரியாது என்று நீயே சொன்னாய். அப்படியானால் அது எப்படிக் கம்பளை பஸ்ஸுக்கு வந்தது? பதில் எனக்கு அந்த இடத்திலேயே அரைவாசி தெரிந்துவிட்டது, தெரியாதவன் மாதிரி இன்னும் பத்து நாள் இருந்து பார்த்தேன்.

பதிவுத் தபால் ஒன்று காணாமற் போனால் நாங்கள் பின்பக்கமாகத் தேடிக்கொண்டு போவோம், கடைசியாக யார் கையில் இருந்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்ப்போம். பாட்டுக்கு யாரும் கையெழுத்து வைப்பதில்லை, ஆனாலும் தந்தவர் யார் என்று எல்லோருக்கும் நினைவு இருக்கிறது, அது எனக்குப் பெரிய ஆச்சரியம். கொண்டக்டரின் பெயர் கறுப்பையா. எங்க சின்னம்மா மக பேச்சியம்மா அனுப்புனா சார், பல்லேகலயில கார்மெண்ட்ல இருக்கா, பாட்டு நல்லாருக்குல்ல என்று அவர் முகவரியே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு பல்லேகலைக்குப் போனேன். வெள்ளைச் சட்டையும் குடையும் கையில் ஒரு கொப்பியுமாக ஒரு கிழவன் பிள்ளைகள் தங்கியிருக்கிற அறை வாசலில் நின்று இந்தப் பாட்டை உங்களுக்குத் தந்தது யார் என்று கேட்டால் இந்தச் சண்டைக் காலத்தில் என்ன நினைப்பார்கள் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. பேச்சியம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நாங்க ஒண்ணும் செய்யலைங்கய்யா, அது என்னா பாட்டுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க என்று சொல்லிக்கொண்டே என் கண் முன்னால் அதைப் போனிலிருந்து அழித்தாள். அவளோடு இருந்த மூன்று பிள்ளைகளும் தங்கள் போன்களை எடுத்து அழித்தார்கள். ஒரு நிமிடத்தில் நாலு போனிலிருந்து நீ இல்லாமல் போனாய். நான் சீஐடி இல்லை அம்மா, பாடினது என் மகள் என்று சொல்லி என் போனில் இருந்ததைப் போட்டுக் காட்டினேன். உன் குரல் வந்ததும் அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த அப்பா நீங்கதானா என்று கேட்டாள். பாட்டைவிட அந்தப் பேச்சுத்தான் அவர்களுக்கு உயிராம், ராவைக்குப் படுக்கும்போது அது மட்டும் திருப்பித் திருப்பிப் போடுவார்களாம், பாட்டின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தார்கள். பாடினவர் பெயர் தெரியாது, அவர்கள் போனில் உன் பெயர் ரபீகா நியூ பன்னிரண்டு.

அதற்குப் பிறகு எங்கே போகவேண்டும் என்று எனக்குக் கொப்பி தேவைப்படவில்லை. ரபீகாவிடம் கேட்டேன், அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது. நீ ஈமெயிலில் அனுப்பியதை போனில் ஏற்றத் தெரியாமல் ஜூலையில் அவளிடம்தானே கொண்டுபோனேன். அவள் கேட்டுவிட்டு, மாஷா அல்லா நல்லா இருக்கு சேர், இது இங்க கெடக்கட்டுமா என்று கேட்டாள். நான் பெருமையில் பூரித்துப்போய், கிடக்கட்டும் கிடக்கட்டும் என்றேன். தபால் கந்தோரில் ஒரு பொருள் கிடக்கிறது என்றால் உரியவர் வந்து கேட்கும் வரை அலுமாரிக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அவள் கடையில் ஒரு பாட்டுக் கிடக்கிறது என்றால் வருகிறவர் எவரும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். ஒரே சொல், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் புதுப் பாட்டெல்லாவற்றையும் ஒரு சீடீயில் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனாராம், அதிலிருந்துதான் இன்டர்நெட்டுக்கும் போயிருக்கவேண்டும். அந்த இலவசப் பக்கத்தைத் திறந்து போடச் சொன்னேன், அங்கேயும் முதலில் நீ அப்பாவைத்தான் கூப்பிடுகிறாய். கோபத்தில் நீ அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றாய், ஒருமுறை திறந்து முதல் ஐந்து விநாடியைக் கேள், நான் சொல்வது பொய்யில்லை என்று தெரியும். ஆகவே சிவமணி, பாட்டை வெளியே விட்டது விவேகானந்தன் இல்லை, நான். அத்தனை வருடத்தில் பிறர் கடிதம் ஒன்றைக்கூட நான் தவறவிட்டது கிடையாது. என் பிள்ளை என்னை நம்பி அனுப்பியதைச் சந்தையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன், அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள், அதுவே போதும்.

இன்னொன்று, பேச்சியம்மா பயத்தில் அழித்த பாட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டாள். எங்கள் நாட்டில் அதை வாங்க வழியில்லை, கொடுத்தால் மறுபடியும் உனக்குத் தெரியாமல் கொடுத்தவன் ஆவேன், கொடுக்காவிட்டால் அவளை வெருட்டி அழிக்க வைத்தவன் ஆவேன். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாட்டு உன்னுடையது, பதிலை நீதான் எழுதவேண்டும்.

விவேகானந்தனின் தாய் தகப்பன் கிளிநொச்சிப் பக்கம் என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். அங்கே இப்போது சனம் மரத்தடி மரத்தடியாக இடம் மாறிக்கொண்டிருக்கிறது, தபால் ஒழுங்காகப் போவதும் இல்லை வருவதும் இல்லை என்று கந்தோரில் இருக்கிற பழைய சிநேகிதர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு ஊரிலிருந்து ஒரு வரி வந்து எத்தனை நாளோ தெரியாது. அந்த நேரம் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அவனைக் கள்ளன் ஆக்கினோம். இதற்குள் வைத்திருக்கிற சின்ன உறை அவனுக்கு நான் எழுதிய கடிதம். அவனுடைய விலாசம் என்னிடம் இருக்கிறது, நேரே போட்டிருக்கலாம், வேண்டுமென்றே போடவில்லை. நீ கொண்டுபோய்க் கொடு பிள்ளை. பிரித்து வாசிக்காதே, வாசல் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடியும் வராதே. கதவைத் தட்டி, அவன் கையில் கொடுத்து, அவன் வாசித்து முடிக்கும் வரை அங்கேயே நில். அதற்குப் பிறகு சொல்லவேண்டியதை நீ சொல்லிக்கொள்வாய்.

பிள்ளையார் உனக்குத் துணை இருப்பார், நீ நினைத்தது நடக்கும். அம்மா தன் ஆசியையும் எழுதச் சொன்னாள், சளிக்கு மல்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பதில் எழுதும்போது முதலில் அவன் கதவைத் திறந்தானா என்று எழுது.

இப்படிக்கு,
பாட்டை வெளியே விட்ட உன் அப்பா,
சி. நவரட்ணராஜா